கழிவுநீரில் சிப்ரோஃப்ளாக்சசின் சரியாகச் சிதையவில்லை: வினையூக்கியை மீட்க வழி தேவை

வினையூக்கி என்பது துத்தநாக ஆக்சைடும் கிராஃபிடிக் கார்பன் நைட்ரைடும் சேர்ந்த நானோ கலவைத் தூள்; ஒளி பட்டால் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சிதைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் 90 நிமிடத்தில் 88% மருந்தைச் சிதைக்கிறது. குடியிருப்புச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து (கோவை) வெளிவரும் நீரில் வெறும் 31%. அதே தூளை மறுமுறை போட்டால் 12%.

கார்பன் நைட்ரைடு, யூரியாவை மூடிய மூசையில் 550 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டுச் செய்தது. துத்தநாக ஆக்சைடு எடையில் 30%. லிட்டருக்கு மருந்து 10 மி.கி., தூள் 0.5 கிராம். 50 வாட் வெள்ளை எல்இடி. ஒளி போடும் முன் 30 நிமிடம் இருட்டில் கலக்கல். அளவீடு எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி); கழிவுநீரில் உள்ள மற்ற கரிமப்பொருள்களும் 277 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவதால் யூவி அளவீட்டை நம்ப முடியாது. நீரின் பிஎச் 7.8, காரத்தன்மை 320, பாஸ்பேட் 14 மி.கி.

தூளை 1 கிராமாகக் கூட்டினால் கலங்கல்தான் அதிகமாகிறது, ஒளி உள்ளே போவதில்லை. 0.45 மைக்ரான் வடிகட்டலும் பிஎச்சை 7-க்கு இறக்குவதும் பலன் தரவில்லை. வடித்த நீரில் பைகார்பனேட் மட்டும் அதே அளவு சேர்த்தால் 74%. பாஸ்பேட் மட்டும் சேர்த்தால் 40%; இருட்டில் மருந்து தூளில் ஒட்டும் அளவும் 17%-லிருந்து 5%-க்குச் சரிகிறது. ஆகவே பாஸ்பேட் துத்தநாக ஆக்சைடின் பரப்பை மூடுகிறது என்றே கருதுகிறேன்.

வெந்நீர், எத்தனால் கழுவல், 400 டிகிரி சூடு எதிலும் தூள் மீளவில்லை. அமிலமோ அடர் காரமோ துத்தநாக ஆக்சைடையே கரைத்துவிடும்.

ஆக்சைடு கரையாமல் பாஸ்பேட்டை மட்டும் கழற்றும் கழுவுநீர் எது, எந்தச் செறிவில், எந்தப் பிஎச்சில்?