கோமோ ஏரிக்கரையில கருவாடு

குரூப்: ஆச்சி வீடு

காலை 11:55

கயல்: ட்ரெயின் ஏறியாச்சு, நானும் ரூம்மேட்டும். இத்தாலில மிலான்ல இருந்து கோமோ ஏரிக்கரை ஊர் வரென்னாவுக்கு ஒரு மணி நேரந்தான். லெக்கோ தாண்டுனதும் இடது பக்கம் முழுக்க ஏரி தெரியும்னு அவ சொன்னா, அதான் ஓடிப்போய் இடது பக்கம் சீட் புடிச்சிட்டோம்

அம்மா: சாப்டியாட்டி

கயல்: காப்பி குடிச்சேன்மா

அம்மா: வெறும் காப்பியா. நான் குடுத்துவிட்ட நெத்திலி கருவாடு என்னாச்சு, ஒரு நாளாவது வறுத்தியா

கயல்: ம்ம் இருக்குமா

சித்தி: இருக்குன்னா இன்னும் பிரிக்கவே இல்லன்னு அர்த்தம் அக்கா 😂

முத்து அண்ணன்: திங்கள்கிழமை காலை 9 முதல் 5 வரை நம்ம ஏரியாவுல கரண்ட் கட்

பெரியப்பா: எந்த ஏரில

முத்து அண்ணன்: ஏரியா பெரியப்பா ஏரியா 🤦

மதியம் 1:25

கயல்: (படம்) (படம்) (படம்)

கயல்: வரென்னா. மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ்னு வீடெல்லாம் மலையில இருந்து சரிஞ்சு தண்ணிக்குள்ள விழப்போற மாதிரி நிக்குது. கரையோரமா பாறைய ஒட்டி இரும்புக் கம்பி போட்டு ஒரு நடைபாதை, காதலர் பாதைன்னு பேராம். நாங்க ரெண்டு பேரும் பொண்ணுங்க செல்ஃபி எடுத்துட்டு வந்துட்டோம்

பெரியப்பா: இது ஏரியா கடலா, அக்கரை தூரமால்ல தெரியுது

கயல்: ஏரிதான் பெரியப்பா. தலைகீழா கவுத்த ஒய் எழுத்து மாதிரி இருக்கும், 146 சதுர கிலோமீட்டர். ஆழம் 400 மீட்டருக்கு மேல

பெரியப்பா: யம்மாடி

கயல்: பனிப்பாறை அறுத்துப் போட்ட பள்ளமாம். காத்துக்கும் பேரு இருக்கு, காலைல வடக்க இருந்து வர்றது திவானோ, மத்தியானம் தெக்க இருந்து வர்றது ப்ரேவா

பெரியப்பா: காலைல வாடை, மத்தியானம் தென்றல்னு சொல்லு. நம்ம ஆளுகதான்

கயல்: பக்கத்துல ஃபியூமெலாத்தேன்னு ஒரு ஆறு, பால் மாதிரி வெள்ளையா நுரைச்சு ஓடும், மொத்த நீளமே 250 மீட்டர்தான். லியோனார்டோ டாவின்சி கூட இதைப் பத்தி குறிப்பு எழுதி வச்சிருக்காராம்

சித்தி: 250 மீட்டரா, நம்ம தெரு அதைவிட நீளம்டி, எந்த டாவின்சி வந்து எழுதுனான்

மதியம் 4:05

அம்மா: மணி நாலாச்சு, இன்னும் சாப்பிடலையா

கயல்: இங்க பன்னெண்டரைதான்மா. படகுல கால் மணி நேரம், பெல்லாஜோ வந்தாச்சு. ஒய் எழுத்து பிரியுற முனையில இருக்கற ஊரு, தெருவெல்லாம் படிக்கட்டு, முட்டி வலிக்குது. இன்னைக்கு முதல் ஆளா ஹோட்டல்ல உக்காந்துட்டோம். போன தடவை ஒரு ஊருல ரெண்டே முக்காலுக்குப் போனோம், கிச்சன் மூடியாச்சுன்னு கைய விரிச்சிட்டாங்க, பன்னு தின்னுட்டு திரும்புனேன்

பெரியப்பா: ஏரி மீனுல சேத்து வாடை அடிக்குமேம்மா. குளத்து மீனெல்லாம் ஒரு மீனா

கயல்: அப்படித்தான் நானும் நெனச்சேன் பெரியப்பா, ஆனா மலையில இருந்து வர்ற சில்லுன்னு தண்ணி, அவ்ளோ ஆழம், சேத்து வாடையே இல்ல. லவரெல்லோன்னு ஒரு மீன் சுட்டுக் குடுத்தாங்க, வெள்ளைச் சதை, பூ மாதிரி உதிருது. அது கூட இந்த ஏரி மீன் இல்லையாம், 19ஆம் நூற்றாண்டுல வெளியில இருந்து கொண்டாந்து விட்டது

கயல்: (படம்) இது பேர்சிகோ. மீன் துண்டை மாவுல பொரட்டி வெண்ணெய்லயும் சேஜ்னு ஒரு வாசனை இலையிலயும் பொரிச்சு, குழைஞ்ச சோத்து மேல வச்சுத் தர்றாங்க. மிளகா கெடையாது, புளி கெடையாது, ஆனா நல்லாருக்கு. மேல துருவிப் போட சீஸ் கேட்டேன், ரூம்மேட் மேசைக்கு அடியில கால மிதிச்சா. மீனுக்கு சீஸ் கேக்கக் கூடாதாம் 😭

சித்தி: பாயாசத்துக்கு ஊறுகா கேட்ட மாதிரி

மாலை 4:40

கயல்: (படம்) இதைப் பாருங்க எல்லாரும்

அம்மா: இது என்னது

அம்மா: ஏட்டி

அம்மா: இது கருவாடுல்லா!!

கயல்: கருவாடேதான்மா 🔥 பேரு மிசொல்தீனி

பெரியப்பா: வெள்ளக்காரன் கருவாடு திம்பானா

கயல்: இந்த ஏரிக்கரை முழுக்க இதுதான் பெரியப்பா. அகோனேன்னு ஒரு மீன், நம்ம சாளைக்கு ஒண்ணு விட்ட சொந்தம்னு வச்சுக்கோங்க. மே, ஜூன்ல கூட்டமா கரைக்கு வரும்போது புடிச்சு, குடலை எடுத்து, உப்புல போட்டு வச்சு, அப்புறம் கயித்துல கோத்து வெயில்லயும் காத்துலயும் தொங்க விட்டுக் காய வைக்கிறாங்க. அது வரைக்கும் நம்ம ஊர்தான். அதுக்கப்புறம்தான் வித்தியாசம், வட்டமான தகர டின்னுல ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு பிரிஞ்சி இலை மாதிரி ஒரு இலைன்னு மாத்தி மாத்தி அடுக்கி மேல பாரத்தை வச்சு அமுக்கிருவாங்க. மீனுல இருக்கற எண்ணெய் எல்லாம் கசிஞ்சு மேல வந்துரும், மாசக்கணக்குல கெடாதாம்

சித்தி: ஊறுகாயும் கருவாடும் சேந்த மாதிரி. எப்படிச் சாப்டுறாங்க

கயல்: லேசா சுட்டு, வினிகரும் ஆலிவ் எண்ணெயும் ஊத்தி, கூட பொலெந்தா. பொலெந்தான்னா மக்காச்சோள மாவுல கிண்டுன களி சித்தி, அதைத் துண்டு போட்டு சுட்டுத் தர்றாங்க

அம்மா: களியும் கருவாடும். எங்க அப்பா காட்டுக்குக் கொண்டு போன சாப்பாடு அது. இதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போகணுமா 😂

சித்தி: ஆச்சிட்ட படத்தக் காட்டுனேன். கண்ணாடி போட்டு ரெண்டு தடவ பாத்தாவ. புளி ஊத்திக் கொழம்பு வைக்க மாட்டாவளான்னு கேக்காவ

கயல்: வினிகர்தான் அவங்களுக்குப் புளின்னு சொல்லுங்க

பெரியப்பா: பில்லு எவ்வளவு

கயல்: சொல்ல மாட்டேன். ஆனா பில்லுல கொபெர்தோன்னு தனியா ஒரு காசு, ரொட்டிக்கும் மேசைக்கும்

பெரியப்பா: உக்காந்ததுக்குக் காசா??

கயல்: ஆமா 😄

கயல்: இன்னொண்ணும் சொல்லணும். ரூம்மேட்டோட பாட்டி வீடு இந்த ஏரிக்கரைதானாம். சின்னப் புள்ளைல கொல்லைப் பக்கம் மீன் காயும்போது பூனை வராம காவல் இருந்தது இவதானாம். வாடை பத்திக் கேட்டேன், என்ன வாடை, அது எங்க பாட்டி வீட்டு வாசம்னு சொல்லிட்டா. நான் ஒரு வருசமா அவளுக்குப் பயந்து அந்த நெத்திலி பொட்டலத்த மூணு கவருக்குள்ள சுத்தி, சூட்கேஸ்ல வச்சு, சூட்கேஸப் பூட்டி வச்சிருக்கேன்

சித்தி: சூட்கேஸ்லயா 🤣🤣🤣

முத்து அண்ணன்: நகையெல்லாம் வெளிய கெடக்கும், கருவாடு லாக்கர்ல

அம்மா: நான் வெயில்ல நின்னு காய வச்சது. உன்ட்ட அப்பவே கேட்டேன்லா

கயல்: சாரிமா

சித்தி: திங்கக்கிழமை கரண்ட் இல்லல்ல, நாளைக்கே மாவாட்டிருங்க எல்லாரும்

இரவு 11:35

கயல்: வீட்டுக்கு வந்தாச்சு. அம்மா முழிச்சிருக்கியா

அம்மா: ம்

கயல்: பொட்டலத்த பிரிச்சிட்டேன். நல்லாத்தான் இருக்கு, பூச்சி கீச்சி இல்ல. ரூம்மேட் ஒண்ண எடுத்து மோந்து பாத்துட்டு, இவ்ளோ சின்ன மீனான்னு கேக்கறா

அம்மா: சுடுதண்ணில அலசுனியா. தலையக் கிள்ளிரு, மண்ணு இருக்கும்

கயல்: அலசிட்டு இருக்கேன். புளி எவ்வளவு

அம்மா: ரெண்டு பேருக்குத்தான, நெல்லிக்கா அளவு போதும். கத்திரிக்கா கெடக்கா

கயல்: இங்க கத்திரிக்கா ஒண்ணு தேங்கா சைஸ்ல இருக்கும்மா, அரை போதுமா

அம்மா: கால் போடு. உப்பு இப்பப் போடாத, கருவாட்டுல இருக்கும். கடைசில பாத்துப் போடு

அம்மா: அந்தப் புள்ளைக்குக் காரம் கொறச்சு வையி