கருமருந்து லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) மாறினால் முதலில் எதைப் பார்ப்பது?

மசில்லோடருக்கு, அதாவது குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் நிரப்பும் துப்பாக்கிக்கு, மருந்து வாங்கும்போது 'எஃப்எஃப்ஜி' என்ற குருணை அளவு லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்கக் கணக்கில் எஃப்எஃப்ஜி குருணை 1.19 மி.மீ. சல்லடையில் இறங்கி 0.59-இல் தங்கும். அதைவிடப் பொடியான எஃப்எஃப்எஃப்ஜி 0.84-இல் இறங்கி 0.30-இல் தங்கும். நடுவே இரண்டும் ஒன்றையொன்று தொடுவதைக் கவனியுங்கள். பொடிப் பக்கம் சாய்ந்த லாட் வேகமாக எரியும், அழுத்தமும் ஏறும்.

நெருப்பு, சிகரெட் எதுவும் அருகில் இல்லாத இடத்தில், வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை போட்டுச் சாய்த்துப் பாருங்கள். குருணை உருண்டு போய்விட வேண்டும். தாளில் கரித்தூள் படிந்தால் குருணை உடைந்திருக்கிறது.

அடுத்தது தராசு. மருந்தை அளக்கும் அளவுக்குழாயை 70 குறியில் வைத்து, தட்டிக் குலுக்காமல் பத்து முறை நிரப்பி ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுங்கள். அந்த 70 கன அளவு. எடை 70 கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறிய எடை அலகு), அதாவது 4.5 கிராம், வந்தே தீரும் என்றில்லை. 'ஸ்விஸ்' பிராண்டு மருந்து அடர்த்தி கூடியது, அதே குறியில் எடை ஏறும். பத்தின் சராசரி லாட்டைச் சொல்லும். பத்துக்குள் வரும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் உங்கள் கைதான்!

பதில் 1:
தராசு பாதிதான் சொல்லும், மீதி குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில். குழல்வாயிலிருந்து 15 அடி தள்ளி வையுங்கள். கிட்டே வைத்தால் புகையும், குண்டைச் சுற்றி வைக்கும் பேட்ச் துணியும் சென்சாரை ஏமாற்றும். ஐந்து குண்டு போதாது, பத்தாவது வேண்டும். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் குழலைத் துடைக்க ஈரத்துணி ஒன்று, உலர்துணி ஒன்று. குண்டை உள்ளே தள்ளும் கோலான ராம்ராடை அழுத்தும் பலமும் மாறக்கூடாது. வேகம் ஒரே திசையில் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போனால் மருந்தைத் திட்டாதீர்கள், குழலில் படியும் கரியைப் பாருங்கள். முன்பின்னாகத் தாறுமாறாகச் சிதறினால்தான் லாட் மேல் சந்தேகம். திட்ட விலக்கம் (வேகங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) நொடிக்கு 10 அடிக்குள் நின்றால் அருமையான மருந்து.

பதில் 2:
வேகம் கூடினால் தரம் கூடியது என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு பழங்கதை. பிரான்சில் 1686 ஆணைப்படி 3 அவுன்ஸ் மருந்து 60 பவுண்டு குண்டைச் சோதனைக் குறும்பீரங்கியிலிருந்து 50 துவாஸ் (சுமார் 97 மீட்டர்) தூரம் எறிய வேண்டும். வலு தெரியும், சீர்மை தெரியாது.

கரிப்படிவையும் பாருங்கள். ஈரமாக, மென்மையாக இருந்தால் துணியோடு வந்துவிடும். ஓடுபோல் இறுகினால் நாலைந்து குண்டிலேயே குண்டு இறங்க அடம்பிடிக்கும். ஆனால் வறண்ட காற்றிலும் இறுகும், ஆகவே ஒப்பிடுவதானால் இரண்டு லாட்டையும் ஒரே நாளில் சுடுங்கள்.

பதில் 3:
கட்டி தட்டி, குருணைமேல் வெள்ளை பூத்திருந்தால் ஈரத்தில் வெடியுப்பு கரைந்து மேலே வந்துவிட்டது. உலர்த்தினாலும் பழைய கலவை திரும்பாது, அதைக் குழலில் போடாதீர்கள். நல்ல புது லாட்டாக இருந்தாலும் பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குங்கள். லாட் எண்ணை டின் மூடியிலேயே எழுதிவையுங்கள்.