டிசம்பரில் என்ன வாழ்த்து சொல்வது? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஆபீஸில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' சொல்லலாமா, எந்த மதத்தின் பெயரும் வராத 'ஹேப்பி ஹாலிடேஸ்' தான் சொல்லணுமா என்று டிசம்பர் பிறந்தால் யாராவது கேட்டுவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். யூதர்களின் பண்டிகையான ஹனுக்கா என்றால் ஹனுக்கா. அவர் எதைக் கொண்டாடுகிறார் என்று தெரியாவிட்டால் 'ஹேப்பி ஹாலிடேஸ்'. அவ்வளவுதான் விஷயம்.

நான் இதை ஒரு வருஷம் லேட்டாகக் கற்றுக்கொண்டேன். முதல் கம்பெனியில் டிசம்பர் நடுவில் ஒரு மெயில் வந்தது. நீங்கள் ஏதேனும் பண்டிகை கொண்டாடுபவராக இருந்தாலும், கொண்டாடாதவராக இருந்தாலும், உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டு என்று ஆரம்பித்து, கடைசியில் இந்த வாழ்த்து எந்த மதத்தையும் ஆதரிப்பதாகக் கொள்ளக்கூடாது என்று ஒரு பின்குறிப்பு வேறு. ஊரில் கிரயப் பத்திரம்கூட இதைவிடச் சுலபமாகப் புரியும். அதைப் படித்து மிரண்டுபோயிருந்த நேரத்தில், பக்கத்து சீட் அம்மா ஒரு டப்பா குக்கீ நீட்டி 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்றார். நான் வெறும் 'தேங்க்யூ' சொல்லிவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவம், அவர் முகமே வாடிவிட்டது.

இந்தப் பயத்துக்குப் பின்னால் நிஜமான வழக்குகள் உண்டு. அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயக்கூடாது என்பது அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம். ரோட் ஐலண்டில் ஒரு நகராட்சி கிறிஸ்துமஸ் குடில் வைத்தது. கூடவே சாண்டா, மான் வண்டி எல்லாம் இருந்ததால் பரவாயில்லை என்று 1984-இல் சுப்ரீம் கோர்ட் விட்டுவிட்டது. 1989-இல் பிட்ஸ்பர்க் கோர்ட் கட்டடத்துக்குள் தனியாக வைத்த குடிலைக் கூடாது என்றது. மான் பொம்மை கூட இருந்தால் தப்பலாம் போல! இன்னொரு பக்கம், பள்ளியில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்', 'ஹேப்பி ஹனுக்கா' சொல்லலாம் என்பதற்கே டெக்சாஸில் 2013-இல் தனியாகச் சட்டம் போட்டார்கள்.

ஆனால் அந்த வழக்குகள் அரசாங்கம் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியவை, நீங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லும் வாழ்த்தைப் பற்றியவை இல்லை. தனியார் கம்பெனி என்றால் 1964 சிவில் உரிமைச் சட்டம் இருக்கிறது, மதத்தை வைத்து வேலையில் பாரபட்சம் காட்டக்கூடாது. வேண்டாம் என்றவரை விடாமல் பிடித்து மதம் பேசினால் சிக்கல்தான். ஒரு வாழ்த்து சொன்னதற்கு யாரும் உங்களைக் கூண்டில் ஏற்றப் போவதில்லை. எச்ஆர்காரர்களுக்கும் இது தெரியும், எதற்கு வம்பு என்று நாலு வரி சேர்க்கிறார்கள், அதைப் பார்த்து நாம் வாயையே மூடிக்கொள்கிறோம்.

நிஜமாகவே ஜாக்கிரதை வேண்டிய இடம் வேறு. ஊரில் தீபாவளி இனாம், பொங்கல் இனாம் கொடுத்துப் பழகிய கையோடு இங்கே தபால்காரரிடம் நோட்டை நீட்டாதீர்கள். அவர் ஃபெடரல், அதாவது மத்திய அரசு ஊழியர், ரொக்கம் எவ்வளவு சின்னத் தொகையானாலும் வாங்கக்கூடாது. ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்புக்குள் பொருளாகக் கொடுக்கலாம், ஒருவரிடமிருந்து வருஷத்துக்கு மொத்தம் 50 டாலர்தான். சாக்லேட் டப்பா போதும்.

அப்புறம் தீபாவளிக்கு ஆபீஸுக்கு முறுக்கு கொண்டுபோனால், இது எங்கள் பண்டிகை, தப்பாக நினைக்க வேண்டாம் என்று இழுக்காமல் 'ஹேப்பி தீபாவளி' என்று டப்பாவை நீட்டுங்கள். மூடியில் மட்டும் என்னென்ன போட்டிருக்கிறது என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். எள்ளும் அலர்ஜிப் பொருள், 2023-லிருந்து இங்கே பாக்கெட் உணவுகளில் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். குக்கீ கொடுத்த அம்மா அந்தச் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நாலு முறுக்கு எடுத்துக்கொண்டார்.