புதுப்பிப்பு: "யார் கேட்டாலும் மறுக்க முடியாமல் வரைந்து கொடுக்கிறேன்"

மூன்று மாதங்களுக்கு முன், எல்லோருக்கும் பிடித்ததையே வரைகிறேன், எனக்கென்று ஒரு கோடுகூடப் போடுவதில்லை, எப்படி நிறுத்துவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது ஒன்றுதான்: 30 நாள் யாருக்கும் காட்டாமல், அழிப்பான் இல்லாமல் வரையச் சொன்ன யோசனை. கண்ணாடி முன் நின்று "முடியாது" என்று சொல்லிப் பழகுவது ஒத்துவரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

முதல் வாரம் பெரும்பாடு. படம் முடிந்ததும் கை தானாகக் கைப்பேசியைத் தேடியது. பத்தாம் நாள் நீர்வண்ணத்துக்கு மாறினேன். பாதி காய்ந்த வானத்தை இன்னும் கொஞ்சம் அழகாக்கலாம் என்று ஈரத் தூரிகையை வைத்தேன். தண்ணீர் நிறமியைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் போல ஓரம் சுருண்ட கறையாகிவிட்டது. திருத்தத் திருத்தச் சேறானது. யாருக்காகத் திருத்துகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அறையில் நான் மட்டும்தானே இருந்தேன்! கறையோடு அப்படியே விட்டுவிட்டேன்.

எதிர்பாராதது: பிறகு உறவினர் ஒருவர் வழக்கம்போல் குடும்பப் படம் வரைந்து தரச் சொன்னார். "இப்போது முடியாது அத்தை" என்றேன். காரணம் எதையும் அடுக்கவில்லை. ஒரு வாரம் அவர் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டுப் பேசினார். அலுவலகத்தில் மட்டும் இன்னும் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீர்வண்ணம் முயல்பவர்கள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாள் வாங்குங்கள். மெல்லிய தாள் ஈரத்தில் நெளிந்துவிடும்.