'பார்ட்னர்' யார்? பிரசவ வார்டில் பார்த்தவை

இங்கிலாந்தில் பிரசவ வார்டில் மிட்வைஃபாக இருக்கிறேன். இங்கே நாள் முழுக்கக் காதில் விழும் சொல் 'பார்ட்னர்'. நம் ஊரில் தொழிலில் பங்கு போட்டவரைத்தான் அப்படிச் சொல்வோம். இங்கே கணவர், மனைவி, கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர், எல்லாருக்கும் அதுவே பேர். 'பர்த் பார்ட்னர்' என்றால் பிரசவத்தின்போது கூட இருக்க அந்தப் பெண் யாரைச் சொல்கிறாளோ அவர், தோழியாகக்கூட இருக்கலாம்.

மகளின் பிரசவத்துக்காக மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. "பார்ட்னர் யார்?" என்று உடன் வேலை செய்பவர் கேட்டதும், "மாப்பிள்ளை வரலையே" என்று அந்த அம்மா கதவோரமாக ஒதுங்கிவிட்டார். "நீங்கதாம்மா அது, உள்ள வாங்க" என்றேன். அப்புறம் விடிய விடிய மகளின் இடுப்பைத் தேய்த்துவிட்டபடியே நின்றார். தொப்புள்கொடியை வெட்டும் கத்தரிக்கோலையும் அவர் கையிலேயே கொடுத்தோம். கொடி ரப்பர் மாதிரி வழுக்கும், முதல் அழுத்தில் வெட்டுப்படாது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். பேரனைப் பார்க்கக்கூட மறந்து மகளின் நெற்றியைத்தான் முதலில் துடைத்தார். அந்தக் கேள்வியில் 'கணவர்' என்ற சொல் இல்லாதது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆனால் வார்டில் கிடைக்கிற மதிப்பு சட்டத்தில் அப்படியே கிடைக்காது. சேர்ந்து வாழும் தமிழ்த் தம்பி ஒருவர், குழந்தையின் பிறப்பைத் தானே போய்ப் பதிந்துவிடலாம் என்று நினைத்திருந்தார். மணமானவர்களில் யாராவது ஒருவர் போனால் போதும். மணமாகாத தந்தை பொதுவாகத் தாயோடு சேர்ந்துதான் போக வேண்டும். 42 நாளுக்குள் பதிய வேண்டும். சரி, விஷயம் தெரிந்ததும் இருவரும் சேர்ந்தே போனார்கள்.

'சிவில் பார்ட்னர்' வேறு. அது பதிவு செய்த சட்ட உறவு. 2005 டிசம்பரில் ஒரே பாலினத்தவருக்கு வந்தது. 2019 கடைசியில் ஆண்–பெண் ஜோடிகளுக்கும் திறந்தது. வெறும் பார்ட்னர் என்றால், எத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தாலும், உயில் எழுதாமல் ஒருவர் போய்விட்டால் சொத்து மற்றவருக்குத் தானாக வராது. வழக்குப் போட வழி உண்டு. துக்கத்தோடு அந்த அலைச்சல் வேறு எதற்கு? நம் பிள்ளைகள் யாராவது இங்கே அப்படி வாழ்ந்தால், கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தாமல், முதலில் உயில் எழுதச் சொல்லுங்கள்.