பழைய பிரேஸ்லெட்டுக்கு எவ்வளவு கேட்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

முதலில் எங்கள் கதை. பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்காக அத்தை தன் கல் வைத்த தங்க பிரேஸ்லெட்டை விற்க முடிவு செய்தார், துணைக்கு நான் போனேன். மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு கடை. தராசில் 16.4 கிராம். கல்லுக்கு 2 கிராம் கழித்தார்கள், பழைய நகை என்று இன்னும் கொஞ்சம் கழித்தார்கள், கடைசியில் ஒரு தொகையை மட்டும் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார்கள். என்ன டச் (நூற்றில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம்), கிராமுக்கு என்ன விலை போட்டீர்கள் என்று கேட்டால் "எங்க போனாலும் இதுதாம்மா" என்கிறார். அன்றைய 22 காரட் விலையால் அந்தத் தொகையை வகுத்துப் பார்த்தேன், 13.2 கிராமுக்குத்தான் காசு வருகிறது. அத்தை தலையாட்டப் போனார், நகையை வாங்கிப் பையில் வைத்துவிட்டேன்.

பக்கத்திலேயே டச் பார்த்துக் கொடுக்கும் இடம் இருக்கிறது. மெஷினில் 88 காட்டியது, ஹால்மார்க் வருவதற்கு முந்தைய நகைக்கு அது ஒன்றும் மோசமில்லை. அப்புறம் தெரிந்த பத்தரிடம் எங்கள் கண் முன்னாலேயே கற்களைக் கழற்றச் சொன்னோம். எல்லாக் கல்லும் சேர்ந்து 0.9 கிராம்தான்! ஆக தங்கம் 15.5 கிராம். 22 காரட் என்றால் 91.6 டச், அதனால் அதை 88-ஆல் பெருக்கி 91.6-ஆல் வகுத்தால் 22 காரட் கணக்கில் ஏறக்குறைய 14.9 கிராம். வேறொரு கடையில் இதைச் சொல்லிக் கேட்டோம், 2 சதவீதம் மட்டும் கழித்து எடுத்துக்கொண்டார்கள். வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம், வரி எதுவும் திரும்பாது, அது தெரிந்ததுதான். ஆனால் இருக்கிற தங்கத்துக்காவது முழுக் காசு வர வேண்டாமா?

----

அக்கா, கல்லைக் கழற்றி எடை போட்டது ரொம்ப சரி. எங்கள் அப்பா பத்தர் வேலை பார்த்தவர், அதனால் ஒன்று சொல்கிறேன். மெஷின் மேல்பரப்பைத்தான் படிக்கும். கண்ணி கண்ணியாகக் கோத்த பிரேஸ்லெட்டில் ஒவ்வொரு பற்றவைப்பிலும் டச் குறைவாக இருக்கலாம், அதனால் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்ததை நம்பாமல் கொக்கி, நடுக்கண்ணி, ஓரம் என்று மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே கூடாக இருக்கும் காப்பு என்றால் இன்னும் கவனம், நசுங்காமல் இருக்க அரக்கு நிரப்பியிருப்பார்கள், அதுவும் தராசில் தங்கத்தோடு சேர்ந்துதான் நிற்கும். உருக்கினால் உண்மை தெரிந்துவிடும், ஆனால் உருக்கியபின் நகை திரும்பாது. விலை பேசி முடிக்காமல் உருக்க விடாதீர்கள், உருக்குவதற்கு முன் எடையும் பின் எடையும் எழுதி வாங்குங்கள்.

----

நான் சென்னை. என் வளையல் புதுசு, அதில் 22கே916 முத்திரையும் எழுத்தும் இலக்கமும் கலந்து ஆறு இடம் கொண்ட எச்யூஐடி எண்ணும் (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் அடையாள எண்) இருக்கின்றன (2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாமல் கடைகள் விற்கக்கூடாது). ஹால்மார்க் முத்திரையைக் கவனிக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் ஆப்பில் எண்ணைப் போட்டதும் என்ன நகை, என்ன தரம் என்று வந்துவிட்டது. மாற்றப் போன கடையில் "டச் கம்மி" என்று ஆரம்பித்தார்கள், ஆப்பைக் காட்டினேன், பேச்சு நின்றது. சந்தேகம் இருந்தால் பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நாமே கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைந்திருந்தால், அந்தக் குறைவின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் விற்ற கடை தர வேண்டும் என்று விதியே இருக்கிறது, இது நிறைய பேருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

வெள்ளி பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரரின் வெள்ளி பிரேஸ்லெட்டில் 925 என்று இருந்தது, ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, அந்தக் கணக்குப்படியே கேட்டு வாங்கினோம். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், அதற்கு வெள்ளி விலை யாரும் தரமாட்டார்கள்.