கார் டேஷ்போர்டு பெட்டியை ஒழுங்குபடுத்த யோசனை வேண்டும்

வணக்கம். கார் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தாலே பக்கத்தில் இருப்பவர் மடியில் பாதிப் பொருள் கொட்டிவிடுகிறது. எழுத்து மங்கிப்போன பெட்ரோல் பில், மூடியில்லாத பேனா, எந்தப் போனுக்கு என்றே தெரியாத சார்ஜர் வயர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாயிற்று. பவர் பேங்க், லைட்டர் இரண்டும் வெயில் சூட்டுக்கு ஆகாது என்பதால் வீட்டுக்குள் போய்விட்டன.

மிச்சம்தான் தலைவலி: வண்டிப் பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், செங்கல் கனத்தில் ஒரு கையேடு, டயரில் காற்று பார்க்கும் கருவி, டார்ச். காகிதங்களுக்கு ஜிப் பை சரியா, மடிப்பு ஃபைல் சரியா? கையேட்டை டிக்கிக்கு மாற்றிவிடலாமா?

அப்புறம், எங்கள் வண்டியில் ஏசி ஃபில்டர் இந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அதை மாற்றப் பெட்டியையே கழற்ற வேண்டும். அதனால் ஒட்டிவைக்கும் தடுப்பு வேண்டவே வேண்டாம். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், போட்டோ போட்டால் ரொம்ப நல்லது.